தாய்மாமன் ஜாமீன்

செஷன்ஸ் கோர்ட்டு வராந்தாவில் எனக்குக் கஞ்சா மாமி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஷ்யாமளா மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நாலு அடி தள்ளிப் போனதும் சொல்வது நன்றாகவே காதில் விழும். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, போதைப்பொருள் வழக்குகளாகவே நடத்தித் தலை நரைத்துப்போனவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என் அண்ணா பத்ரிநாராயணனை யாராவது கேட்டால், தங்கை சிவில் கேஸ் பார்க்கிறாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் கவலை அவருக்கு.

கனகவள்ளி என்னிடம் வந்தபோது அவள் மகன் ஆதித்யன் பிடிபட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுக்குத் தாராவியில் பை தைக்கிற பட்டறை ஒன்றில் ஜிப் வைக்கிற வேலை. புருஷன் சிவனாண்டி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. ஆதி பைக்கில் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவன். அவன் சம்பளத்தில்தான் வாடகையும் அப்பா மருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. சயான் சிக்னலில் போலீஸ் வண்டியை நிறுத்திப் பையைக் கொட்டியதில், பத்துப் பதினைந்து பார்சல்களுக்கு நடுவே ஒரு பொம்மைப் பெட்டி. பொம்மைக்குப் பதிலாக உள்ளே எம்டி என்கிற போதைப் பொடி.

அவனுக்குத் தெரிந்து கொண்டுபோனானா, தெரியாமலா என்று நான் அவனைக் கேட்கவில்லை. யாரையும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்துவிட்டால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவனாகவே தெரியாது என்றான். நான் அவனை நம்பினேன் என்று சொன்னால் அது பொய். நம்பவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

இந்தச் சட்டத்தில் எடைதான் தலையெழுத்து. கொஞ்சம்போல இருந்தால் மற்ற வழக்குகள் மாதிரி ஜாமீன் கேட்கலாம். எம்டி ஐம்பது கிராமைத் தாண்டிவிட்டால் அது வியாபார அளவு. அதன் பிறகு, இவன் குற்றம் செய்யவில்லை என்று நீதிபதிக்கே நம்பிக்கை வந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத வழக்கில் எந்த நீதிபதிக்கு அந்த நம்பிக்கை வரும்? வழக்கு முடிய வருஷக் கணக்கில் ஆகும். கடைசியில் நிரபராதி என்று விடுதலை ஆனவர்கள்கூட, தாடி நரைத்துத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். ஆதியின் பெட்டி ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

ஒரே ஒரு சந்து உண்டு. பிடித்து ஆறு மாசத்துக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால், எடை எவ்வளவாக இருந்தாலும் ஜாமீன் அவனுடைய உரிமை. ஆனால் கேட்டவனுக்குத்தான். கேட்டு வாங்கிவிட்டால் மட்டும் போதாது, கோர்ட்டு சொன்ன கெடுவுக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கெடு தாண்டி, அதற்குள் குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டால் சந்து மூடிக்கொள்ளும். அப்புறம் திரும்பவும் எடை, திரும்பவும் தலையெழுத்து.

ஆறு மாசம் முடிகிற நாளை நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை, கனகவள்ளியிடம்கூட. சொன்னால் காற்றில் போய்ச் சேர்ந்துவிடும். பரிசோதனைக் கூடத்திலிருந்து அறிக்கை வரவில்லை என்று அந்தப் பக்கம் மெத்தனமாக இருந்தார்கள். கெடுவை நீட்டிக்கச் சொல்லியும் மனு போடவில்லை. நாள் தாண்டிய மறுநாள் காலை கோர்ட்டு கதவு திறக்கும்போதே நான் மனுவோடு நின்றேன். அரசு வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படிப்பட்ட சந்தோஷங்கள் எனக்கு அதிகம் கிடையாது, அதனால் இதை மறைக்கப் போவதில்லை.

நீதிபதி ஜாமீன் கொடுத்தார், நிபந்தனையோடு. பணம் கட்டி வெளியே போவதெல்லாம் கிடையாது. ரத்த உறவில் ஒரு ஜாமீன்தாரர், மும்பையில் சொந்த வீடு உள்ளவர். அவர் வீட்டுக்குப் போலீஸ் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். எல்லாம் ஒரு வாரத்துக்குள்.

கோர்ட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கிற ஆட்கள் உண்டு. ஒரே ரேஷன் கார்டில் பத்துப் பேருக்கு அண்ணன் ஆவார்கள். அந்த நீதிபதிக்கு அவர்களை அடியோடு ஆகாது. அதனால்தான் ரத்த உறவு, அதனால்தான் வீட்டு விசாரணை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனகவள்ளியின் ஒண்டிக் குடித்தனம் வாடகை. சொந்த வீடுள்ள ரத்த உறவு என்று அவளுக்கு இருந்தது தம்பி வானமாமலை ஒருத்தர்தான். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் பம்பாய் வந்தவள் அவள். பிறகு தம்பியை வரவழைத்து, தன் ஒற்றை அறையின் பரணில் படுக்கவைத்து, பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவளே. அவர் முன்னுக்கு வந்தார். செம்பூரில் சொந்தமாகக் கடை, சொசைட்டியில் ஃபிளாட், வந்தனா என்று ஒரே பெண். வந்தனாவுக்கு ஆதி முறைமாப்பிள்ளை. சின்ன வயதில் எல்லோரும் கேலி பேசியது உண்டாம். வந்தனா காலேஜ் முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனதும் அந்தப் பேச்சு தானாக நின்றுபோனது. கனகவள்ளிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்கா ஒரு போன் போட்டதும் வானமாமலை கடையை அடைத்துவிட்டு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருமண், வீட்டுப் பத்திரம் இருந்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். குமாஸ்தா நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஆதிக்குக் காது குத்தும்போது தன் மடியில்தான் உட்கார்ந்திருந்தான், வலித்ததும் தன் கையைக் கடித்துவிட்டான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அழுகை பொய் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வது போல அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கான்ஸ்டபிள் ஒருத்தர் வீட்டுக்கு வருவார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது. பையன் யார், உங்களுக்கு என்ன உறவு, இது உங்கள் வீடுதானா, இவ்வளவுதான் கேட்பார். உள்ளதைச் சொன்னால் போதும். அவர் தலையாட்டினார். அக்காவிடம் திரும்பி, "ஆதி எனக்கு மகன் மாதிரின்னு சொல்ல மாட்டேன்க்கா. மகனேதான்," என்றார்.

கான்ஸ்டபிள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போயிருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்பதை வானமாமலையே பிறகு என்னிடம் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.

அன்றைக்கு வந்தனாவைப் பெண் பார்க்கச் சான்பாடாவிலிருந்து வந்திருந்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர்கள், அதே ஊர்ப் பக்கம், நல்ல குடும்பம், பையன் இன்ஜினியர். கேசரி கொடுத்தாகிவிட்டது. வந்தனா நமஸ்காரம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசல் மணி அடித்தது. காபிப் பொடி வாங்கப் போன ஆள்தான் என்று இவர் போய்த் திறந்தார். வாசலில் காக்கிச் சட்டை. கான்ஸ்டபிள் நல்ல மனிதர்தான், ஆனால் குரல் கொஞ்சம் பெரிது. வானமாமலை யார் என்று கேட்டார். பிறகு, தாராவி ஆதித்யன் சிவனாண்டி, டிரக்ஸ் கேஸ், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டார்.

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. வானமாமலைக்கு முதுகுப் பக்கம் சம்பந்தி வீட்டார், முன் பக்கம் போலீஸ். என் அக்கா மகன் என்று சொன்னால் அடுத்த கேள்வி சோபாவிலிருந்து வரும், அப்படியானால் பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை அல்லவா என்று. அவர் அதைத்தான் நினைத்திருக்கிறார். நாக்கு தானாகப் புரண்டுவிட்டது என்றார். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது, நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறார். கான்ஸ்டபிள் கையிலிருந்த காகிதத்தையும் வாசல் பெயர்ப் பலகையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். பெயர் சரி, விலாசம் சரி. ஆளைத் தெரியாது என்கிறீர்களா என்று இன்னொரு தரம் கேட்டிருக்கிறார். தெரியாது. சரி, அப்படியே எழுதிக்கொள்கிறேன், ஒரு கையெழுத்து. ஆள் சீக்கிரம் போனால் போதும் என்று இவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, நின்ற வாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது. கோர்ட்டில்தான் எல்லாக் கையெழுத்தும் போட்டாகிவிட்டதே, பெரிய இடத்தில் முடிந்த காரியம், இந்த வீட்டு விசாரணை வெறும் சடங்கு. நாளைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். கடைக்காரர் புத்தி அப்படித்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை தப்பாகப் போன சரக்கைத் திங்கட்கிழமை திருப்பி எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் உண்மை. அறிக்கை அதற்கு முன்னாலேயே கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கெடு முடிகிற நாள். அதற்குள் போலீஸ் அடித்துப் பிடித்துக் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டிருந்தது. எனக்கு அதில் பயம் இல்லை, ஜாமீன்தாரர்தான் இருக்கிறாரே. எப்படியும் ராத்திரிக்குள் பையன் வெளியே வந்துவிடுவான், நீ ஜெயில் வாசலுக்குப் போய்விடு என்று கனகவள்ளியை நானே ஆர்தர் ரோடுக்கு அனுப்பியிருந்தேன். மாற்றுச் சட்டையோடு போயிருந்தாள்.

மராத்தி அறிக்கையை நீதிபதி உரக்கப் படித்தார். ஜாமீன்தாரர் என்று சொல்லப்படுபவர், குற்றம்சாட்டப்பட்டவரைத் தமக்குத் தெரியாது என்கிறார். கீழே அவர் கையெழுத்து. படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மேடம், நீங்களுமா என்பது போல ஒரு பார்வை. வாசலில் வாடகைக்கு நிற்கிற அண்ணன்மார்களில் ஒருத்தரை நான் பிடித்துவந்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். என் தொழிலில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. வானமாமலை பின்னாலிருந்து எழுந்து, நான் இவன் மாமன்தான், சத்தியமாக மாமன்தான் என்று கை கூப்பினார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத மாமன் செவ்வாய்க்கிழமை எப்படி வந்தார் என்று அரசு வக்கீல் கேட்டார்.  இன்னும் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். கோர்ட்டை ஏமாற்றப் பார்த்தவர்களுக்கு அவகாசம் கிடையாது என்று உத்தரவாகிவிட்டது.

கூண்டில் ஆதி நின்றிருந்தான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், மராத்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தான். மாமன் கூப்பிய கையோடு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன், இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே கூட்டிப் போகும்போது காவலரிடம் கெஞ்சி நின்றான்.

"மேடம், அம்மாட்ட சொல்லாதீங்க. பேப்பர்ல ஏதோ கட்பட் ஆயிருச்சுன்னு சொல்லிருங்க. அப்பா படுத்த படுக்கை, நான் உள்ள. மாமாவயும் விட்டா அம்மாவுக்கு யாரு இருக்கா?"

அவன் என் கட்சிக்காரன். அவன் சொல்லாதே என்றால் நான் சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. சட்டம் இல்லாவிட்டாலும் அன்றைக்கு எனக்கு வாய் வந்திருக்காது. வானமாமலை வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லி அழுதார். அக்கா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். கும்பிட வந்தார். "என்னைக் கும்பிடாதேங்கோ. உங்களைக் காப்பாத்தினது உங்க மருமான்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் குரலில் இருந்த விஷம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சேரட்டும் என்றுதான் சொன்னேன்.

ஜெயில் வாசலில் கனகவள்ளி மதிலோரம் நின்றிருந்தாள். காகிதத்தில் ஒரு கோளாறு, இன்றைக்கு வர மாட்டான், இப்போதைக்கும் வர மாட்டான், ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.  அவள், படித்தவர் நீங்கள், ஒரு காகிதத்தைப் பார்த்துச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கூடாதா என்று நானும் என்னையே கேட்டுக்கொள்வது போல நின்றேன். பட்டறையில் இரண்டு மாசம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை.

ஹைகோர்ட்டில் மனு போட்டேன். அது வரிசையில் நிற்கிறது, நானும் நிற்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கனகவள்ளி ஒரு நாள் சாயங்காலம் மாட்டுங்காவுக்கு வந்தாள். திட்டுவதற்கு இல்லை. வந்தனாவுக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் அத்தை தாம்பாளத்தைத் தொட்டு, எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் தட்டு மாற்றுவார்கள். முறைமாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். போயே ஆக வேண்டும். ஆனால் புருஷனும் இல்லாமல் மகனும் இல்லாமல் தனியாகப் போய் அத்தனை பேர் நடுவில் உட்கார அவளால் முடியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றாள். மாட்டேன் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல முடியாது. கிளம்பிப் போனேன்.

செம்பூரில் ஒரு சின்ன ஹால். எங்களைப் பார்த்ததும் வானமாமலையின் முகம் வெளுத்துப்போயிற்று. அக்காவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. பிறகு அக்காவின் கையைப் பிடித்து முன் வரிசையில் உட்காரவைத்தார். அவளுக்கு என்று வாங்கிய பட்டுப்புடவையைக் கொடுத்தார், உடுத்திக்கொண்டு வரச் சொன்னார். அவள் முகத்தில் பல மாசத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் பார்த்தேன். தம்பி என்னை மறக்கவில்லை பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள். நான் பாயாசம் நன்றாக இருக்கிறது என்றேன். பாயாசம் இன்னும் வரவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா நாகலக்ஷ்மி எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தடித்த உடம்பு, வெள்ளை மனசு, எதையும் அடக்கி வைக்கத் தெரியாதவள். கனகவள்ளியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பையனைப் பற்றி ஏதாவது நல்ல சேதி உண்டா என்று கேட்டாள். கனகவள்ளி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"எங்களுக்கு முன்னாலயே தெரியும் மதினி. விசாரிக்காமலா பொண்ணு பாக்க வருவோம்? தாராவியில நாலு பேரக் கேட்டா பாட்டன் பூட்டன் கதையெல்லாம் சொல்லிருவாவ. வீட்டுக்கு ஒரு பிள்ள இப்பிடி மாட்டிக்கிடத்தான் செய்யி. என் கொழுந்தன் மகனும் உள்ள இருந்து வந்தவன்தான். அதெல்லாம் ஒரு கொறையா?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அன்னைக்கு போலீஸ்காரன் வாசல்ல வந்து கேக்கையில, அப்பிடி ஒருத்தனத் தெரியவே தெரியாதுன்னு ஒங்க தம்பி சொல்லிட்டாவளே, அதான் எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பொறுக்கல. சொந்த அக்கா மகனத் தெரியாதுன்னு சொல்லுத வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு லிப்ட்லயே கேட்டாவ. பொண்ணு என்ன செஞ்சுது, பாவம்னு நாந்தான் சமாதானம் சொல்லிக் கூட்டியாந்தேன்."

கனகவள்ளிக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வானமாமலை எதை மறைக்கத் தன் மருமகனைக் கைவிட்டாரோ, அது சோபாவில் கேசரி தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னாலேயே தெரியும். மறைக்க அங்கே எதுவுமே இருக்கவில்லை. 

கனகவள்ளி கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. போலீஸ்காரன் என்றைக்கு வந்தான் என்று மட்டும் நாகலக்ஷ்மியிடம் கேட்டாள். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை என்று பதில் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தான் ஜெயில் வாசலில் நின்றதை அவள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

அப்போது அத்தையைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து போனாள். வானமாமலை தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, புடவை வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். வந்தனா ஒரு பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தாம்பாளத்தில் தேங்காய் ஆடியது. கனகவள்ளி தட்டைத் தொடாமல் நின்றாள். நாதஸ்வரக்காரர் வாசிக்கக் காத்துக்கொண்டிருந்தார். ஹாலில் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. இவள் தட்டைத் தள்ளிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. தள்ளிவிடு என்று ஒரு நிமிஷம் நினைத்தும்விட்டேன்.

அவள் வந்தனாவைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தொட்டாள்.

"என் மகன் ஆதி ஜெயில்ல இருக்கான். அவனுக்கும் சேத்து நானே சொல்லுதேன். எங்களுக்குச் சம்மதம்," என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

சாப்பிடவில்லை. பட்டுப்புடவையை மாற்றி மடித்து வந்தனாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு மருந்து கொடுக்க நேரமாயிற்று என்று கிளம்பினாள். வானமாமலை படி வரை பின்னால் வந்தார். அக்கா, அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பாமல், போய், வந்தவர்களைக் கவனி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

செம்பூர் ஸ்டேஷன் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பிளாட்பாரத்தில் பெஞ்சு பார்த்து உட்கார்ந்தோம். வடாலா போகிற வண்டி ஒன்று வந்து நின்று போனது.

"ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ஆதி சொல்ல வேண்டாம்னுட்டான். மாமாவையும் விட்டா அம்மாவுக்கு யார் இருக்கான்னு கேட்டான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்த எட்டு ஒன்பது மாசத்தில் அவள் என் எதிரில் அழுதது கிடையாது. கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், அழுததில்லை. அன்றைக்கு அந்த பெஞ்சில் தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தம்பி செய்ததற்கு இல்லை, மகன் செய்ததற்கு அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வண்டியும் போயிற்று, அதற்கடுத்ததில் ஏறினோம்.

மறு வாரம் ஆதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை, அடுத்த தேதி கொடுத்தார்கள். வராந்தாவில் காவலர் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ள விட்டார். ஆதி மெலிந்திருந்தான். அப்பாவைப் பற்றிக் கேட்டான். பிறகு வந்தனாவுக்கு நிச்சயம் ஆயிற்றா என்று கேட்டான். ஆயிற்று, நான்தான் தட்டைத் தொட்டுக் கொடுத்தேன், மாப்பிள்ளை நல்ல உயரம் என்று கனகவள்ளி சொன்னாள். அவன் சிரித்தான். மாமா எப்படி இருக்கிறார் என்றான்.

"மாமா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தான். ஆதி நல்லாருக்கானா, எப்ப வருவான்னு. அவனுக்குச் சோறே எறங்கல, பாத்துக்கோ."

ஆதி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். எனக்குப் பொய் சொல்லத் தெரியும், தொழிலே அதுதான் என்று ஊரில் சொல்லுவார்கள். அன்றைக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அதிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. காவலர் நேரமாகிவிட்டது என்று அவன் கையைப் பிடித்தார்.

"மாமா நல்லவருதாம்மா," என்றான்.

"ஆமா ராசா, நல்லவன்தான்," என்றாள் கனகவள்ளி.